கிளினிக் கொப்பியில் இடம்பெறாத காயங்கள்

கேள்வி: இலங்கையில் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. முகாம்கள் மூடப்பட்டன, மக்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். நீங்களோ இடம்பெயர்ந்தவர்களின் உடல்நலம் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முதுகுவலியும் வயதானால் யாருக்கும் வரக்கூடியவைதானே? அவற்றையெல்லாம் போரின் கணக்கில் எழுதுவது நியாயமா? இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கேள்வியில் பாதி சரி. ஒரு தனிமனிதரின் சர்க்கரை நோயைக் காட்டி, இது போரால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் சான்றிதழ் எழுதித் தர முடியாது. ஆனால் அதிலிருந்து, போருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் தாவிவிடுகிறீர்கள். அந்தத் தாவலை நான் ஏற்கவில்லை. நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி. அந்த நோயோடு வாழ்ந்தவருக்கு எத்தனை மாதம் மாத்திரை கிடைக்கவில்லை, பட்ட காயத்துக்கு எப்படிப்பட்ட சிகிச்சை நடந்தது, பின்னால் அதை யாராவது திரும்பப் பார்த்தார்களா என்பதெல்லாம் வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை தெரியாததால் மற்றவற்றைக் கேட்காமல் விடுவது, நோயாளியைக் கைவிடுவதற்கு ஒரு நாகரிகமான காரணம் கண்டுபிடிப்பதாகும்.

2009-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை நினைத்துப்பாருங்கள். வன்னியில் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே தள்ளப்பட்ட மக்கள், மூட்டை முடிச்சுகளோடு இடம் மாறி இடம் மாறி, கடைசியில் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் ஒடுங்கினார்கள். மருத்துவமனைகளும் அவர்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்தன. பள்ளிக்கூடக் கட்டடங்களில் தற்காலிகமாக இயங்கின. அங்கும் எறிகணைகள் விழுந்தன. மருந்தும் அறுவைக்கான மயக்கமருந்தும் போதாமல் மருத்துவர்கள் பட்ட பாட்டை, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்த மாதங்களில் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக வெளியேற்றிய காயக்காரர்கள், நோயாளிகள், அவர்களோடு சென்ற உறவினர்கள் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர். எஞ்சிய லட்சக்கணக்கானோரில் பெரும்பாலானவர்கள் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டார்கள். முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டதோடு செய்தி முடிந்துவிட்டதாக உலகம் எடுத்துக்கொண்டது. நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊர் திரும்பியவர்களின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் விஷயம் வேறு மாதிரித் தெரியும். எறிகணைச் சிதறல்களை எடுக்காமல் உள்ளேயே விட்டுவிடுவது பல சமயங்களில் சரியான மருத்துவ முடிவு. எடுக்கப்போனால் நரம்பும் ரத்தக்குழாயும் சேதமாகும் என்றால் எந்த அறுவை மருத்துவரும் அப்படித்தான் செய்வார். ஆனால் அந்த முடிவோடு ஒரு கடமையும் வருகிறது: துண்டு எங்கே இருக்கிறது, எந்த உலோகம் என்று எழுதிவைத்து, அதை ஆண்டுக்கணக்கில் கவனித்துவர வேண்டும். சில துண்டுகள் நகரும். சில இடங்களில் சீழ் கட்டும். ஈயம் கலந்த துண்டு மூட்டுக்குள் சிக்கியிருந்தால், மூட்டு நீரில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். பல ஆண்டுகள் கழித்து வரும் சோர்வையும் வயிற்றுவலியையும் யாரும் பழைய காயத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இரும்புத் துண்டு இருக்கும் உடம்பை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அனுப்பினால் காந்தப்புலத்தில் அது அசையவோ சூடேறவோ கூடும். ஆகவே இன்று தலைவலிக்கோ முதுகுவலிக்கோ ஸ்கேன் தேவைப்படும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு, 2009-இல் பட்ட காயத்தின் குறிப்பு கையில் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தவர்களிடம் அந்தத் துண்டுச்சீட்டு எங்கிருந்து இருக்கும்? அடையாள அட்டையையே இழந்து வந்தவர்கள் அவர்கள்.

காலை இழந்தவர்களைப் பற்றி நாம் பேசும்போது, செயற்கைக் கால் கொடுத்தாயிற்று என்று ஒரு புகைப்படத்தோடு முடித்துக்கொள்கிறோம். கால் இழப்பு அப்படி முடிகிற விஷயம் அல்ல. செயற்கைக் கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வெட்டப்பட்ட காலில் எஞ்சிய பகுதியின் பருமனும் மாறிக்கொண்டே இருக்கும். மெலிந்தால் அதைப் பொருத்தும் செயற்கைக் காலின் உறை தளர்ந்து தோலை உரசும். அப்போது பழந்துணியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உறைக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகிவிட்டால், ஆறும்வரை காலைக் கழற்றி வைக்க வேண்டும்; கூலிவேலை செய்பவருக்கு அத்தனை நாளும் சம்பளம் இல்லை. வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்கத் தோதாக ஜெய்ப்பூர் கால் வடிவமைக்கப்பட்டது பெரிய வரம்தான். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்து கொடுத்துவருபவர்களின் தொண்டு வணங்கத்தக்கது. என்றாலும் பழுது பார்ப்பதற்காக வன்னியிலிருந்து பேருந்து மாறி மாறி அங்கே போய்வர ஆகும் செலவும் இழக்கும் கூலியும் யார் கணக்கில் எழுதப்படுகின்றன?

குழந்தைகளின் நிலை இதைவிடக் கடினம். எட்டு வயதில் காலை இழந்த பிள்ளைக்கு எலும்பு தொடர்ந்து வளர்கிறது. வெட்டப்பட்ட முனையில் அது கூராக நீண்டு தோலைக் குத்தும். மீண்டும் அறுவை செய்து சீர்ப்படுத்த வேண்டும். வளர வளரப் புதிய கால் வேண்டும். அந்தப் பிள்ளை இப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். ஒற்றைக் காலுக்கே பாரம் கொடுத்து நடந்ததால் மறுகாலின் முழங்கால் மூட்டும் இடுப்பும் மற்றவர்களுக்கு முன்பே தேய்கின்றன. இரண்டாம் உலகப்போரில் கால் இழந்த அமெரிக்கப் படைவீரர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், முழங்காலுக்கு மேலே இரு கால்களையும் இழந்தவர்களிடையே இதயநோய் மரணங்கள் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். நீங்கள் வயதின் கணக்கில் எழுதச் சொல்லும் ரத்த அழுத்தத்தை இந்த இடத்தில் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனவர்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் காயம் அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அதைத் தொடரும் சிறுநீரகச் செயலிழப்பும்தான். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஓர் ஆள், காற்று மெத்தை, சுத்தமான சிறுநீர்க் குழாய் – இவ்வளவு இருந்தால் நெடுங்காலம் வாழக்கூடியவர்கள் அவர்கள். 2022-இல் இலங்கை கடன்நெருக்கடியில் சிக்கி அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, இப்படி அன்றாடப் பொருள்களை நம்பி உயிர்வாழ்பவர்கள் மறுபடியும் ஒரு போரைக் கடக்க வேண்டியிருந்தது.

மனத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். போர் முடிந்த கையோடு 2009-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வில், நூற்றுக்கு 32.6 பேரிடம் கடும் பதற்றத்தின் அறிகுறிகளும் 22.2 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்த எண்கள் 48.5 ஆகவும் 41.8 ஆகவும் உயர்ந்தன.

அது போர் ஓய்ந்த உடனே எடுத்த கணக்கு, பிறகு ஆறியிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு விடை இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்தில் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணிநேர அவகாசம்தான் கொடுக்கப்பட்டது. தமிழர்களாகிய நாம் இதைச் சொல்லத் தயங்கினால், இடம்பெயர்ந்தவர்களின் நலம் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுவோம். புத்தளத்தில் தங்கிவிட்ட அந்த மக்களிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 450 பேரை நேர்கண்டு ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு 18.8 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவற்றில் மிகுதியானது, உடற்காரணம் எதுவும் புலப்படாத வலியாகவும் எரிவாகவும் களைப்பாகவும் வெளிப்படும் வகை; அது மட்டும் நூற்றுக்கு 14 பேரிடம். எறிகணை விழுந்த கனவைக் கண்டு அலறி எழுபவரைத்தான் போரால் பாதிக்கப்பட்டவர் என்று நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் அவர் வெளிநோயாளர் வரிசையில் நின்று, “நாரி நோகுது, தலையிடி, இரவில நித்திரை இல்லை” (இடுப்பு வலிக்கிறது, தலைவலி, தூக்கமில்லை) என்று சொல்லிவிட்டு, பனடோல் என்ற வலிமாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நெரிசலில் மருத்துவருக்கும் அதற்குமேல் கேட்க நேரமில்லை. கிளினிக் கொப்பியில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில், அழுத்தமும் சர்க்கரை அளவும் எழுதப்படுகின்றன. 2009-இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது.

போரின் முடிவில் மகனையோ கணவனையோ ராணுவத்திடம் கையளித்துவிட்டு, இன்றுவரை என்ன ஆனான் என்று தெரியாமல் இருக்கும் பெண்களுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பதால் என்ன தீரும்? அந்தியேட்டி என்ற இறந்தவருக்கான சடங்கைச் செய்வதா, காத்திருப்பதா என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக்கூட ஊர் பேசுகிறது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார்களில் பலர் விடை கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய மருந்துச் சீட்டில் எழுத வேண்டியிருந்தது அரசு தர வேண்டிய ஒரு பதில்.

எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்தபோது, மேற்குப் பகுதி நகரங்களில் ஆளுக்கு ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் இதயநோயும் அதிகமாக இருந்தது. முள்ளிவாய்க்காலில் வெறும் அரிசிக்கஞ்சியில் நாள் கடத்திய கர்ப்பிணிகளின் பிள்ளைகள் 2059-இல் ஐம்பதைத் தொடுவார்கள். ஆகவே குறைந்தது அதுவரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பின் இந்தப் பக்கத்தை எழுதுபவர்களும் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை. வடக்கு, கிழக்கில் ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் போர்க்காயங்களுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கி, எக்ஸ்ரே எடுத்து, உள்ளே தங்கிய உலோகத்தைக் குறித்து, அந்தக் குறிப்பை நோயாளியின் கையிலும் கொடுக்க வேண்டும். செயற்கைக் காலும் அதைப் பழுதுபார்ப்பதும் நன்கொடையாளரின் மனம்போல் நடக்காமல் மாவட்டந்தோறும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். போர்ப் பகுதியின் எல்லைக் கிராமங்களில் இதே காயங்களோடு வாழும் சிங்களக் குடியானவர்களுக்கும் இது பொருந்தும்.

நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கையிலிருந்து 1983 முதல் வந்தவர்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருந்ததாக 2021-இல் மாநில அரசு கணக்குச் சொன்னது. பத்துக்குப் பத்து அடி அறையில், பொதுக் கழிப்பறையை நம்பி, மாலைக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டிய விதிகளோடு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. புதிய வீடுகள் கட்டப்படுவதும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டிருப்பதும் பாராட்டத்தக்கவை. ஆனால் ஆண்களில் பலர் வண்ணம் அடிக்கும் தினக்கூலிகள். ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட மாட்டார்கள். வீடு தேடி மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள், முகாம்களுக்கு வேலை முடிந்த மாலைநேரத்தில் போக வேண்டும். அழுத்தம் பார்க்கும்போதே, உடம்பில் பழைய காயம் உண்டா, துண்டு ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா, தூக்கம் எப்படி என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும் வசதி அங்கே இருக்கிறது. உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி இதைக் கேளுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.