‘வெளியே வராதே’ என்று சொல்ல அரசுக்கு எதுவரை அதிகாரம்?

பெருந்தொற்றுக் காலத் தடைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பொதுச் சுகாதாரமும் சட்டமும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் உடம்பு, என் விருப்பம். நோய் வந்தால் நான்தானே அவதிப்படப் போகிறேன்? இதில் அரசுக்கு என்ன வேலை?

பதில்: உங்களோடு நின்றுவிடும் நோயென்றால் நீங்கள் சொல்வதில் மறுப்பே இல்லை. சர்க்கரை நோய்க்காரர் மாத்திரை போட மறுத்தால் அவரை யாரும் அடைத்துவைக்க முடியாது. தொற்றுநோயை அப்படி விட முடியாது. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில், தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும் என்பது வழக்கமான கணக்கு. கோவிட்டில் சிக்கல் வேறு விதம்: காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நம்பி, முதியவர் ஒருவரின் அறைக்குள் போகிறவருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனாலும் தீங்கு நேர்ந்துவிடுகிறது.

அரசு தலையிடலாம் என்பதற்கு இதுதான் காரணம். எவ்வளவு தலையிடலாம் என்பதற்கும் இதுவே அளவுகோல். 2020இல் பல நாடுகள் பூங்காக்களையும் கடற்கரைகளையும் பூட்டின. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பரவியது காற்றோட்டமில்லாத மூடிய அறைகளில். திறந்த வெளியில் தனியாக நடந்தவரால் பிறருக்கு இருந்த ஆபத்து மிகக் குறைவு. அவரை நெரிசலான வீட்டுக்குள் திருப்பியனுப்பிய உத்தரவு தவறு என்றே சொல்வோம்.

கேள்வி: ஐசொலேஷன், குவாரண்டைன் இரண்டும் ஒன்றுதானா? 14 நாள், 21 நாள் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பதில்: நோய் உறுதியானவரைப் பிரித்துவைப்பது ஐசொலேஷன். நோயாளியோடு பழகியவர், நோய் வருமா வராதா என்று தெரியாத நிலையில் ஒதுங்கியிருப்பது குவாரண்டைன். இரண்டாமவருக்கு நோயே இல்லாமல் இருக்கலாம். அதனால் அவரைத் தடுத்துவைக்கக் காரணம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும்.

1377இல் ரகூசா நகரம் (இன்று குரோஷியாவிலுள்ள டுப்ரோவ்னிக்) கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் ஒதுக்கிவைத்தது. பிறகு அது 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பது என்பதற்கான சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற பெயர் வந்தது. இன்று நாள் கணக்கு நோய் அரும்பும் காலத்தை, அதாவது கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும்வரை ஆகும் காலத்தைப் பொறுத்தது. எபோலாவுக்கு 21 நாள், கோவிட்டுக்குத் தொடக்கத்தில் 14 நாள்.

இங்கே அடிக்கடி ஒரு பிழை நடக்கிறது. நாளை எண்ண வேண்டியது நோயாளியைக் கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து; கதவில் நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து எண்ணினால் வீணாகச் சில நாட்கள் கூடிவிடும். சந்தித்த மறுநாளே பரிசோதனை செய்து ‘இல்லை’ என்று வந்தாலும் நம்பக் கூடாது. அப்போது கிருமியின் அளவு பரிசோதனையில் சிக்காத அளவுக்குக் குறைவாக இருக்கும்.

கேள்வி: ஓர் உத்தரவு நியாயமானதா என்று சாதாரண மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மனித உரிமைகளை அரசு எப்போது கட்டுப்படுத்தலாம் என்பது பற்றிச் சர்வதேசச் சட்ட வல்லுநர்கள் தயாரித்த சிராகூசா நெறிமுறைகள் 1984இலேயே இதை வகுத்துவிட்டன. தடைக்குச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அதே பலனைத் தரும் மென்மையான வழி வேறு இருக்கக் கூடாது. ஆள் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது.

உத்தரவைக் கையில் எடுத்ததும் முதலில் முடிவுத் தேதியைத் தேடுங்கள். ‘மறு உத்தரவு வரும்வரை’ என்று மட்டும் இருந்தால், அதைத் திரும்பப் பார்க்கும் கடமையை யாரும் ஏற்கவில்லை என்று பொருள். அடுத்து, எந்தச் சட்டப் பிரிவு, யாரிடம் மேல்முறையீடு, மருத்துவமனைக்குப் போகவும் பராமரிப்பு வேலைக்குப் போகவும் விலக்கு உண்டா என்று பாருங்கள். கடைசியாக, எல்லைக் கோட்டை வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். பாகுபாடு பெரும்பாலும் கோட்டில்தான் ஒளிந்திருக்கும்.

1900இல் சான் பிரான்சிஸ்கோவில் அதுதான் நடந்தது. பிளேக் பயத்தில் சீனர்கள் வாழ்ந்த 12 தெருக்கட்டங்களை அடைத்தார்கள். அதே பகுதியில் வெள்ளையர் இடங்கள் வந்தபோது கோடு வளைந்து விலகிப் போனது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாகுபாட்டோடு இன்னொரு காரணத்தையும் சொன்னது: நோய் கண்ட வீட்டை மட்டும் பிரிக்காமல் எல்லோரையும் ஒன்றாக அடைத்தால் உள்ளே நோய் பரவுவதற்கு அதுவே வழி.

அந்தப் பாடம் 2014இல் மறந்துபோனது. எபோலா வந்தபோது லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை முள்வேலி கட்டி அடைத்தார்கள். கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் 15 வயதுச் சிறுவன் இறந்தான், பத்தே நாளில் வேலி அகற்றப்பட்டது. துப்பாக்கிக்குப் பயப்படும் மக்கள் நோயாளியை ஒளித்துவைப்பார்கள். அதற்குப் பிறகு யார் யாரோடு பழகினார்கள் என்ற பட்டியலை எவராலும் தயாரிக்க முடியாது.

கேள்வி: தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாமா?

பதில்: ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன: பிடித்துவைத்து ஊசி போடுவது, போடாதவருக்கு அபராதம் விதிப்பது, சில இடங்களில் அனுமதி மறுப்பது. முதலாவதை ஏற்கவே முடியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் ஜேக்கப்சன் வழக்கில் பெரியம்மைத் தடுப்பூசிச் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஊசி போட மறுத்த ஜேக்கப்சனுக்கு விதிக்கப்பட்டது 5 டாலர் அபராதம் மட்டுமே. அந்தத் தீர்ப்பைக் காட்டியே 1927இல் அதே நீதிமன்றம் ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை ஏற்றுக்கொண்டது. ஒருமுறை திறந்துவிட்ட அதிகாரம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் கிடைக்காது.

2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடாத பெற்றோருக்குச் செக் குடியரசு விதித்த அபராதத்தையும், அந்தக் குழந்தைகளை மழலையர் பள்ளியில் சேர்க்காததையும் சரி என்றது. 2022 மே 2 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஊசி போடாதவரால்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவை அரசுகள் முன்வைக்கவில்லை என்பதால், அப்போது நடப்பிலிருந்த தடைகள் அளவு மீறியவை என்றும் சொன்னது. முடிவுகள் வேறானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஊசி பரவலைத் தடுக்கிறதா, அல்லது போட்டுக்கொண்டவரை மட்டும் காக்கிறதா? இரண்டாவது என்றால் கட்டாயத்துக்கான காரணம் வெகுவாக மெலிந்துவிடும்.

கேள்வி: நோயாளியோடு பழகியவர்களைக் கண்டறியும் செயலிகளை நம்பலாமா?

பதில்: தகவல் எங்கே சேர்கிறது என்று பாருங்கள். ஆப்பிளும் கூகுளும் 2020இல் தந்த முறையில் போன்கள் அடிக்கடி மாறும் குறியீடுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன. யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் மைய சர்வருக்குப் போகவில்லை. சிங்கப்பூரில் நோய்த் தடுப்புக்கு மட்டுமே என்று சொல்லித் திரட்டிய தகவலைக் காவல்துறையும் கேட்டு வாங்க முடியும் என்பது 2021 ஜனவரியில் வெளிப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். வாக்குறுதி போதாது, அழிக்கும் தேதி சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டோடு இருக்கச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாதே?

பதில்: சமையல்காரர் மேரி மல்லன் டைபாய்டு கிருமியைச் சுமந்தார், ஆனால் அவருக்கு நோய் அறிகுறி எதுவும் இல்லை. 1907இல் நியூயார்க்கில் பிடித்துத் தீவில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று உறுதி கொடுத்ததும் 1910இல் விட்டார்கள். சலவை வேலை கிடைத்தது, அதில் கூலி குறைவு. வேறு பெயரில் மறுபடி சமையலுக்கே போனார். 1915இல் அவர் சமைத்த மகப்பேறு மருத்துவமனையில் நோய் பரவியது. அதன்பின் 1938இல் சாகும்வரை தீவிலேயே வைக்கப்பட்டார். சமையலுக்கு ஈடான கூலியில் ஒரு வேலையை 1910இலேயே ஏற்பாடு செய்திருந்தால் பலரும் தப்பியிருக்கலாம், அவரும் தப்பியிருக்கலாம்.

ஆகவே, இழந்த கூலி, உணவு, வழக்கமான மருந்து, வீட்டிலுள்ள முதியவரையும் குழந்தையையும் கவனிக்க ஆள், அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் ஆகியவை தனிமைப்படுத்தும் உத்தரவோடு முதல் நாளே வந்து சேர வேண்டும். கூலியை இரண்டு வாரம் கழித்துத் தருவதாகச் சொன்னால், அன்றாடம் சம்பாதிப்பவர் மூன்றாம் நாளே வேலைக்குக் கிளம்பிவிடுவார்.