அப்பாவின் போனைக் கட் செய்த அத்தியாயம்

மேடலின் மில்லர் எழுதி 2011இல் வெளிவந்த, டிராய் போரில் கிரேக்க வீரன் அகிலிஸுக்கும் அவன் தோழன் பெட்ரோக்லஸுக்கும் இருந்த காதலைச் சொல்லும் நாவலை ஐந்தாவது தடவையாகப் படிக்கிறீர்கள், முடிவு தெரிந்திருந்தும் பெட்ரோக்லஸ் சாகும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் தேம்பித் தேம்பி அழுகிறீர்கள், இது ஏதாவது கோளாறா, படிப்பதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது, நாவலின் பெயர்தான் மாறும். நான் பதில் சொல்லப்போவது அதற்கு இல்லை. கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார், கட் செய்துவிட்டேன், அப்புறம் மறந்தே போச்சு.' அடுத்த வரியிலேயே மறுபடி பெட்ரோக்லஸிடம் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஐந்து தடவை படித்தவருக்கு டிராய் அரசர் பிரியாம் வரும் இடம் நினைவில்லையா? மில்லர் அதைப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரிடமிருந்து எடுத்தார், அவருடைய இலியட் காவியத்தின் கடைசிக் காண்டம், 24ஆவது. அகிலிஸ் கொன்ற தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு அந்தக் கிழவர் ராத்திரியில் அவனுடைய கூடாரத்துக்குள்ளேயே நுழைகிறார், தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளையே முத்தமிடுகிறார், ஹோமரில் அவர் கேட்பது இதுதான்: உன் அப்பாவை நினைத்துப் பார், அவருக்கும் என் வயதுதானே. அகிலிஸ் உடைந்துபோகிறான். அங்கே அவன் பெட்ரோக்லஸுக்காக மட்டுமா அழுகிறான்? சொந்த ஊரான ப்தியாவில் இருக்கும் அப்பா பீலியஸுக்காகவும் அழுகிறான். அவருக்கு இவன் ஒரே பிள்ளை. வயதான காலத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளாமல் இவ்வளவு தூரம் வந்து டிராயில் உட்கார்ந்திருக்கிறேனே என்று வாய்விட்டுச் சொல்கிறான். அவன் திரும்பிப் போகவே இல்லை, அது உங்களுக்கும் தெரியும்.

நீங்களும் ஒரே பெண் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது என்றும். அந்த வயதில் ஒருவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உங்கள் பெயரைக் கண்டுபிடித்து அழுத்தி, நீங்கள் எடுக்காததால் இரண்டாவது தடவையும் அழுத்தியிருக்கிறார். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய கதைக்கு இவ்வளவு கண்ணீர் விடுகிறவருக்கு இது எப்படி உறைக்காமல் போனது? பெற்றவர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. புத்தகம் மூடிய பக்கத்திலேயே காத்திருக்கும்.

சரி, இதைப் படித்ததும் கூப்பிடுங்கள். அவர் எழுந்து வந்து எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும், நடுவில் வைத்துவிடாதீர்கள்.