காய்ந்து சுருங்கிய கிருமிக் கொலனியை எறிந்துவிடாதீர்கள்

கல்முனைப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். சம்மாந்துறையில் வேளாண்மை செய்கிற, சீனி வருத்தமுள்ள ஒருவரின் தொடைக் கட்டியிலிருந்து எடுத்த சீழை வளர்த்திருக்கிறார். முதல் நாள் கிருமி வளர்க்கும் பிளேட்டில் கொலனிகள், அதாவது கிருமிகள் கூட்டமாக வளர்ந்த புள்ளிகள், ஊசிமுனை அளவுதான், 3ஆம் நாள் பார்த்தால் காய்ந்து சுருங்கிக் கிடக்கின்றன. கிருமி ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக் மருந்துக்கு அடங்கவில்லை, கோ-அமொக்சிக்லாவ் என்ற இன்னொன்றுக்கு அடங்குகிறது. மேலே இருப்பவர் "மண்ணிலிருந்து ஒட்டினது, எறிந்துவிடு" என்கிறாராம். எறியலாமா, இல்லை அவருடைய வயல் மண்ணையும் எடுத்து வளர்த்து ஒப்பிடலாமா என்பதுதான் கேள்வி.

எறிய வேண்டாம், மண்ணையும் எடுக்க வேண்டாம். முதலில் அந்தப் பிளேட்டை மூடி, சுற்றிவர டேப் ஒட்டி, மற்றவர்கள் கை படாத இடத்தில் வையுங்கள். மண் வாடை வருகிறதா என்று மூடியைத் திறந்து மணந்து பார்க்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, இந்தக் கிருமியில் அதைச் செய்யவே கூடாது, மூச்சோடு உள்ளே போனால் ஆளையே படுக்கையில் போட்டுவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் பேர்க்கோல்டேரியா சூடோமல்லைதான், அதாவது மெலியோய்டோசிஸ் நோயைத் தருகிற பக்டீரியா. வயல் மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் சும்மா வாழ்கிற ஒன்று. பெரும்போக மழையோடு சேற்றில் இறங்குகிறவரின் காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். திடகாத்திரமான ஆட்களில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், அதிகமான குடி உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 1927இலேயே இலங்கையில் இந்த நோய் பதிவானது, ஆனால் 2006க்குப் பிறகு ஆய்வாளர்கள் முறையாகத் தேடத் தொடங்கியபோதுதான் ஊருக்கு ஊர் இருப்பது தெரிந்தது. இல்லாமல் இருக்கவில்லை, பிளேட்டோடு சேர்த்து வீசியிருக்கிறோம். நான் வேலை செய்த ஓரிடத்தில் இப்படி ஒரு பிளேட்டைக் குப்பைக்கு அனுப்பினோம், அடுத்த கிழமை அதே நோயாளியின் இரத்தத்தில் அதே கிருமி வளர்ந்தது, அதற்குள் அவருக்கு நுரையீரல்வரை போய்விட்டிருந்தது. அந்த நோயாளியின் முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, சந்தேகத்தை எப்படி உறுதியாக்குவது? ஏற்கெனவே கிராம் சாயம் (கிருமிகளை நிறத்தால் வகை பிரிக்கிற சாயம்) போட்ட ஸ்லைட் இருந்தால் மறுபடி பாருங்கள். சிவப்பு நிறக் கோல் வடிவம், இரண்டு முனையிலும் சாயம் அடர்ந்து நடுவில் வெளிறி, ஊக்கு மாதிரித் தெரியும். ஆனால் எல்லா ஸ்லைடிலும் அப்படித் தெரியாது, தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஒக்சிடேஸ் என்ற நொதியைத் தேடும் சோதனை பொசிட்டிவ் ஆக வரும். என் கணக்கில் பெரிய துப்பு, பிளேட்டில் வைக்கிற மருந்து தோய்ந்த சின்ன டிஸ்க்குகள்தான்: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டின் என்ற அன்டிபயோட்டிக்குக்கும் அசையாது, கோ-அமொக்சிக்லாவுக்கு அடங்கும். ஆய்வுகூடத்தில் அடிக்கடி காணும் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி இதற்கு நேர்மாறு, கோ-அமொக்சிக்லாவை மதிக்காது, கொலிஸ்டினுக்கு அடங்கும். உங்களிடம் கொலிஸ்டின் முடிவு இல்லை, ஆனாலும் அதற்காக மறுபடி பிளேட்டைத் திறந்து புதிதாக எதுவும் போட வேண்டாம், கையில் இருப்பதே சந்தேகப்படப் போதும்.

கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கிற இயந்திரமோ சோதனைக் கிட்டோ வேறு பெயர் சொன்னால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். இந்தக் கிருமியைப் பேர்க்கோல்டேரியா செபாசியா என்றோ குரோமோபக்டீரியம் என்றோ வேறு கிருமிகளின் பெயரில் அவை தவறாகப் படித்திருக்கின்றன. செபாசியா என்று வந்து கோ-அமொக்சிக்லாவுக்கும் அடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். கிருமியை உறுதிப்படுத்தும் மிச்சச் சோதனைகளை, லேட்டெக்ஸ், பிசிஆர் (மரபணுச் சோதனை) எல்லாம், கிருமி காற்றில் பரவாமல் தடுக்கும் பாதுகாப்புக் கபினெட் உள்ள பெரிய ஆய்வுகூடம் செய்யட்டும். கிட்டிய அரச வைத்தியசாலையின் நுண்ணுயிரியல் நிபுணரோடு பேசி, எங்கே, எப்படிப் பொதி செய்து அனுப்புவது என்று கேளுங்கள். பிளேட்டை மோட்டார்சைக்கிளில் பையில் போட்டுக் கொடுத்தனுப்புகிற வேலை வேண்டாம். திறந்த மேசையில் அந்தப் பிளேட்டைக் கையாண்ட எல்லோரையும் அந்த நிபுணரிடம் சொல்லுங்கள், உங்களையும் சேர்த்து. யாருக்கு முன்கூட்டியே மருந்து தேவை என்பதை அவர் பார்ப்பார்.

வயல் மண் ஏன் வேண்டாம் என்கிறேன்? அதில் கிருமி வந்தாலும் வராவிட்டாலும் இந்த நோயாளியின் வைத்தியத்தில் எதுவும் மாறாது, ஆபத்தான ஒன்றைத் தேவையில்லாமல் வளர்த்து வைப்பதுதான் மிச்சம். அதைவிட அவருடைய இரத்தம், சிறுநீர், தொண்டைச் சுவாப் மாதிரிகளை வைத்தியர் பெரிய இடத்துக்கு அனுப்பினால் பிரயோசனம் உண்டு, கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) ஒருமுறை வெறுமையாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது, இந்த மண்ணில் நடந்து திரிகிற பலருக்கு அது இருக்கும்.

கட்டிக்கு வழமையாகக் கொடுக்கிற குளொக்சசிலின் என்ற மருந்து இதற்கு வேலை செய்யாது. குறைந்தது 10 முதல் 14 நாள் கெப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, அப்புறம் ஏறத்தாழ 3 மாதம் கோ-ட்ரைமோக்சசோல் குளிசை என்று போகும். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தினால் திரும்ப வரும். இப்போது அவர் எந்த மருந்தில் இருக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் ரிப்போர்ட் அடித்து முடியும்வரை பார்த்திருக்காமல், "மெலியோய்டோசிஸ் சந்தேகம்" என்று அவருடைய வைத்தியருக்கு இன்றைக்கே போன் எடுங்கள்.