தோழிக்குப் பாலியல் வன்முறை நடந்துவிட்டால் முதலில் எங்கே போவது, போலீஸா ஆஸ்பத்திரியா?

கேள்வி கேட்டவர் மதுரையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர். நைட் ஷிஃப்ட் போய்வரும் தோழிகளில் யாருக்காவது இப்படி நடந்தால் கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். நான் இதே ஊரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். இப்படி ஒரு பெண்ணுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அவள் யார், எப்போது நடந்தது என்பதையெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன்.

முதலில் ஆஸ்பத்திரி. கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரையையும், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். புகாரை மறுநாளும் கொடுக்கலாம், மனது தேறி அடுத்த மாதமும் கொடுக்கலாம். மருந்து காத்திருக்காது.

கோரிப்பாளையத்தில் இருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு, நடுராத்திரியிலும் போகலாம். பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரிதான் இருக்கிறது என்றால் அங்கேயே போங்கள். "இது போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு, அரசு, தனியார் இரண்டுமே உடனடியாக, காசு வாங்காமல் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அதுவும் சட்டம்தான். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று காக்கிச் சட்டையைப் பார்த்தால் மிரண்டுபோவாள்.

உடனே குளிக்க வேண்டும் போல அவளுக்கு இருக்கும். தடயம் போய்விடும் என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றால் அதற்காக ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் கூட்டிப் போங்கள், பரிசோதனை அப்போதும் பயன்படும். போட்டிருந்த துணிகளைத் துவைக்காமல் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

பரிசோதனை அவள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் பரிசோதனை' என்று யாராவது பேச்செடுத்தால் முடியாது என்று சொல்லுங்கள். அதை நிறுத்தச் சொல்லி 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது, நம் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளைதான். அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதைச் செய்யும் டாக்டர் ஒழுங்கீனத்துக்குப் பொறுப்பாவார் என்று தீர்ப்புச் சொன்னது.

அப்புறம் போலீஸ். நாங்கள் போன ஸ்டேஷனில், "சம்பவம் நடந்த இடம் எங்க லிமிட்ல வராதுக்கா, அங்க போயிக் கொடுங்க" என்றார்கள். அந்தப் பெண் எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று அதற்குப் பெயர். "பதிய முடியாதுன்னா அதை எழுத்துல கொடுங்க சார்" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். பிறகு எழுதினார்கள். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது சொந்தக்காரர்களின் வாய். "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்ற கேள்வியை அவள் காதில் விழவிடாதீர்கள். அவளுடைய மாமா ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படி ஆரம்பித்தார். "அண்ணே, இப்ப அவ சாப்பிட்டு ராத்திரி முழுக்க ஆச்சு. கேன்டீன்ல இட்லி கிடைக்குதான்னு பார்த்து வாங்கிட்டு வாங்க" என்றேன். போனார். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்களிடம் சொல்லுங்கள்: பாதிக்கப்பட்டவர் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

மாட்டுத்தாவணியில் ராத்திரி இறங்கினால் ஆட்டோ நம்பரை வீட்டுக்கு அனுப்புவது, 'காவல் உதவி' செயலியை போனில் வைத்துக்கொள்வது எல்லாம் சரிதான், எங்கள் விடுதியிலும் சொல்கிறோம். ஆனால் அதை மட்டுமே கேட்டு வளர்ந்த பெண், நடந்தது தன் தப்பு என்று நினைத்து 72 மணி நேரத்தையும் வாய் திறக்காமல் கழித்துவிடுகிறாள். அதனால் எங்கே போவது என்பதையும் சேர்த்தே சொல்லித் தருகிறேன்.

பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனால் 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். இழப்பீட்டுக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம், அவர்களுடைய எண் 15100. உடனடி ஆபத்துக்கு 112. என்ன செய்வது, கூட யார் வருவார்கள் என்று திகைத்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் தரும் சகி மையத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் மட்டும் விஷயம் வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.