ஓவன் இல்லாமல் ஹாலோவீன் குக்கீ: சாக்லேட் ஏன் கட்டிதட்டுகிறது?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். பையனுக்கு 4 வயது, பெண்ணுக்கு 8. எங்கள் ஓவனுக்குள் கடாயும் தோசைக்கல்லும்தான் குடியிருக்கின்றன. போன வருஷம் ஓவன் தேவைப்படாத ‘மம்மி’ குக்கீ (துணிக் கட்டுச் சுற்றிய எகிப்தியப் பிணம் மாதிரி) செய்யப் போய், வெள்ளைச் சாக்லேட் ஈர மண் மாதிரி திரண்டுவிட்டது. தண்ணீரெல்லாம் நான் ஊற்றவே இல்லை. இந்த முறை தப்பாமல் செய்ய என்ன வழி? நாங்கள் சைவம். பள்ளிக்கும் கொடுத்தனுப்பலாமா?

பதில்: ஊற்றவே வேண்டாம், ஒரு சொட்டு போதும். சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகிறது? அதேதான் இங்கேயும். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் பொடிச் சர்க்கரை. துளி ஈரம் பட்டாலும் அந்தச் சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். சரியாகத் துடைக்காத கிண்ணம், கொதிநீர் மேல் வைத்து உருக்கும்போது ஏறும் ஆவி, சொட்டுச் சொட்டாக விடும் சாதாரண ஃபுட் கலர் என்று ஈரம் வர வழி நிறைய இருக்கிறது. இளக்குவதற்காக வெண்ணெய் போடுகிறவர்களும் உண்டு. வெண்ணெயிலும் தண்ணீர் இருக்கிறது. வாசனை இல்லாத தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன் விடுங்கள். வாசனை உள்ளதை விட்டால் குக்கீ தலைக்குத் தேய்த்துக் குளித்த மாதிரி மணக்கும்.

இன்னொரு காரணம் சூடு. சாக்லேட் சிப்ஸ் உருகிய பிறகும் வடிவம் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். ‘இன்னும் உருகவில்லையே’ என்று மறுபடி மைக்ரோவேவில் வைப்போம், வெள்ளைச் சாக்லேட் கருகும். பாதி பவரில் 30 வினாடி வையுங்கள், எடுத்துக் கிளறுங்கள். பிறகு 15 வினாடி, மறுபடி கிளறல். கொஞ்சம் கட்டி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டால் கிளறக் கிளற அதுவே இளகும். இந்த வேலை மட்டும் உங்களுடையது. உருக்குவது பெரியவர்கள், ஒட்டுவது பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

நான்கு வயதுப் பையனுக்கு மம்மி வேண்டாம். அது பொறுமை கேட்கும். அவனுக்குச் சூனியக்காரியின் தொப்பி கொடுங்கள். கடையில் ஃபட்ஜ் ஸ்ட்ரைப்ஸ் என்ற குக்கீ கிடைக்கும்: நடுவில் ஓட்டை, அடிப்பக்கம் முழுக்கச் சாக்லேட். அதைக் கவிழ்த்து வைத்து, ஓட்டையைச் சுற்றி ஆரஞ்சு ஐசிங்கை வட்டமாகப் பிழிய வேண்டும். அதன் மேல் ஒரு ஹெர்ஷீஸ் கிஸ்ஸை, அதாவது கூம்பு மாதிரி இருக்கும் குட்டிச் சாக்லேட்டை, உட்கார வைத்து லேசாக அழுத்தினால், ஐசிங் ஓரத்தில் பிதுங்கி வரும். அதுவே தொப்பியின் பட்டை. உருக்க எதுவும் இல்லை. கிஸ்ஸின் வெள்ளித் தாளைப் பிரிப்பதே அவனுக்குப் பெரிய வேலை. நாலைந்து வாய்க்குள் போகும் என்று கணக்கு வைத்தே வாங்குங்கள்.

பெண்ணுக்கு மம்மி. குக்கீ முழுவதையும் சாக்லேட்டில் முக்கி எடுப்பது படத்துக்கு அழகு, வீட்டில் அவஸ்தை. ஓரியோ மாதிரி கறுப்பு க்ரீம் பிஸ்கட் 12 எடுத்துப் பட்டர் பேப்பரில் பரப்புங்கள். ஒரு கப் வெள்ளைச் சாக்லேட் சிப்ஸ், சுமார் 170 கிராம், உருக்கி ஜிப் பையில் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மூலையைத் துளியூண்டு வெட்டிக் கொடுங்கள். முதலில் மம்மிக்குக் கண்களை ஒட்டிவிட வேண்டும் (எந்தக் கண் என்று கீழே சொல்கிறேன்). அப்புறம்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஒன்றிரண்டு கோடு கண்ணின் ஓரத்தில் ஏறினால்தான், கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். கோலம் போடுகிற கை என்றால் சொல்லவே வேண்டாம். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்.

சைவம் என்பதால் லேபிளைப் பாருங்கள். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மார்ஷ்மெல்லோவிலும் கேண்டி கார்ன் என்ற சோள மணி வடிவ மிட்டாய் பலவற்றிலும் ஜெலட்டின் உண்டு. அது மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கடையில் விற்கும் மிட்டாய்க் கண்களில் ‘கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்’ என்று போட்டிருந்தால் அது அரக்கு, பூச்சியிலிருந்து வருவது. அதற்குப் பதில் வெள்ளைச் சிப்ஸ் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டி, பல்குச்சியால் கறுப்புச் சாக்லேட் பொட்டு வைத்தால் கண் தயார். எனக்கு இந்தக் கோணல் கண்தான் பிடிக்கும்.

‘வேகவைக்காத குக்கீ மாவு’ என்று பச்சை மைதாவை அப்படியே உருட்டித் தின்னச் சொல்லும் குறிப்புகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். முட்டை இல்லை என்பதால் பத்திரம் என்று அர்த்தமில்லை. 2016-ல் அமெரிக்காவில் ஈ.கோலி என்ற நோய்க் கிருமி பரவியது பச்சை மாவு வழியாகத்தான்.

பள்ளி விஷயம்: பல பள்ளிகள் பிரிக்காத, லேபிள் உள்ள கடைப் பாக்கெட்டை மட்டுமே வாங்கும். டீச்சரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை மிட்டாய் கேட்டு வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பலகாரம் வேண்டாம். முன்பின் தெரியாத வீட்டில் செய்தது என்றால் பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தக் குக்கீகள் உங்களுக்கும் பழகின அக்கம்பக்கத்தாருக்கும் மட்டும். வாசலில் மயில்கழுத்துக் கலரில், அமெரிக்கர்கள் டீல் என்கிற நிறத்தில், ஒரு பூசணிக்காய் வைத்தால் ‘இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு’ என்று அர்த்தம். அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காக வந்த வழக்கம் இது. ஒரு டப்பா ஸ்டிக்கரும் பென்சிலும் வைத்தால் போதும்.

மறுபடி சாக்லேட் திரண்டாலும் கொட்டிவிடாதீர்கள். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் இளகிச் சாஸாகிவிடும். குக்கீ மேல் நிற்காது, ஐஸ்க்ரீமுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.