இழைப்புளி வாயில் சீவல் அடைக்கிறதா?
வணக்கங்க. கோபியில் வீடு பிரித்த வேப்பமர நிலைக்காலில் செய்த இழைப்புளி (மரம் சீவும் கருவி), நாலு தள்ளிலேயே சீவல் வெளிவரும் வாய் அடைக்கிறது, நடுவில் துள்ளுகிறது என்கிறீர்கள். அவசரப்பட்டு வாயைப் பெரிதாக்க வேண்டாம். பெரிதானால் சீவும் மரம் பிய்ந்து வரும். முதலில், சீவும் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பைப் பாருங்கள். அதன் இரண்டு கால் நுனிகளும் பக்கச் சுவரோடு ஒட்டி, மெலிந்து முடிய வேண்டும். இடுக்கு இருந்தால் சீவல் அங்கேதான் செருகும்.

துள்ளல் பெரும்பாலும் தகடு படுக்கும் சாய்விலிருந்து வருவது. தகட்டின் முதுகில் விளக்குக் கரி தடவி, வைத்து எடுங்கள். கரி ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டுங்கள். வாயோரத்தில் கரி கட்டாயம் ஒட்ட வேண்டும், அதுதான் முக்கியம். அப்புறம் அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போது தகட்டை உள்ளே தள்ளி, ஆப்பை வேலைசெய்யும் இறுக்கத்திலேயே வையுங்கள். அந்த இறுக்கத்தில் கட்டை லேசாக வளையும், அதனால்தான்.

அடுத்த இழைப்புளிக்கு வண்டிச் சக்கரத்துக் கருவேலம் கிடைத்தால் விடாதீர்கள். அறுக்குமுன் காந்தம் வைத்து ஆணி பார்த்துக்கொள்ளுங்கள்.