ஒருமுறை வந்த டெங்கு மறுபடி வருமா?

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை, பாறசாலைப் பக்கத் தோட்டங்களுக்கும் போவார். மூன்று வருஷத்துக்கு முன் டெங்கு வந்து படுத்து எழுந்தார். "அம்மை மாதிரிதான், ஒருதடவை வந்தா அப்புறம் வராது" என்று கொசுவைக் கண்டுகொள்வதே இல்லை. சரியா?

பதில்: அம்மையைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. டெங்குவுக்குப் பொருந்தாது.

அம்மை கண்ட பிள்ளைக்கு, முன்பே அம்மை வந்துபோன பாட்டிதான் வேப்பிலையோடு பக்கத்தில் உட்காருவார். அனுபவம் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு அது. கிருமியோடு சண்டை போட்ட வெள்ளை அணுக்களில் சில சாகாமல் பல ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. முதல் தடவை சரியான ஆன்டிபாடி, அதாவது கிருமிமேல் ஒட்டி அதை அடக்க உடல் செய்யும் புரதம், தயாராக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதே கிருமி திரும்பி வந்தால் சில நாளிலேயே வேலை முடிந்துவிடும். 1846இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781இல் அது வந்து பிழைத்திருந்த முதியவர்களைத் தொடவில்லை. இடைப்பட்ட 65 ஆண்டுகள் அங்கே தட்டம்மையே கிடையாது!

ஆனால் டெங்கு வைரஸில் நான்கு வகை. உங்கள் கணவருக்கு வந்த வகை திரும்ப வராது என்று நம்பலாம். மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் போய்விடும். அதன்பின் வேறு வகை வந்தால், பழைய ஆன்டிபாடி அதன்மேல் ஒட்டும், அடக்காது. அப்படி அரைகுறையாக ஒட்டியதையே பிடித்துக்கொண்டு வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது. இரண்டாவது டெங்கு கடுமையாகும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். பயந்துவிடாதீர்கள், இரண்டாவதும் பலருக்குச் சாதாரணமாகவே போய்விடுகிறது. அலட்சியம்தான் கூடாது.

அடுத்து காய்ச்சல் வந்தால், முன்பு டெங்கு வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம். காய்ச்சல் விட்டதும் எழுந்து வேலைக்குப் போகவும் விடாதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இந்தக் கொசு பகலில் கடிப்பது. முழுக்கைச் சட்டை போட்டுப் போகட்டும். தோட்டத்தில் அதற்குப் பிடித்த இடமே பால் பிடிக்கும் சிரட்டைதான். மழைக்கு வெட்டு நின்றிருக்கும் நாட்களில் ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். தேங்கிய நீரில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.